பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

(கேளம்பாக்கத்தில் மாணவர்களும் மெக்கானிக்குகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்ஜெக்‌ஷனோடு வந்த பழைய பெட்ரோல் வண்டியைக் கார்புரேட்டருக்கு மாற்றலாமா என்ற கேள்வி இந்தப் பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. அதையே இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாம். எஞ்சின் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் இன்ஜெக்‌ஷனை இயக்கும் ஈசியூ என்ற கம்ப்யூட்டர் பெட்டி இதுவரை என்னென்ன வேலை பார்த்துவந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்தான் அதைக் கழற்ற வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் கழற்றுகிற தேவையே வராது. இதை உங்கள் முன் நிறுவிக் காட்டுவதுதான் என் வேலை.

லாரியிலிருந்து தொடங்குவோம். நம்மூர் லாரி டீசல் லாரி. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, நன்றாக நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால்தான் அது எரியும். பிறந்த நாளிலிருந்தே அது இன்ஜெக்‌ஷன் எஞ்சின்தான். ஆகவே பழைய லேலண்டோ டாட்டாவோ வைத்திருப்பவர் கார்புரேட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கும் முன்னால் நம் சாலைகளில் பெட்ரோல் லாரிகள் ஓடின. செவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கேஸ் பிளான்ட்டைச் செய்து பஸ்ஸிலும் லாரியிலும் பொருத்தியது. பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சின் கரி வாயுவில் ஓடியது. 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியதும், பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அந்த டீசல் எஞ்சினை ஏற்றிய லாரிகள் உண்டு. எஞ்சின் குடிக்கிற எரிபொருளை மாற்றுவது நம் பட்டறைகளுக்குப் புதிய வித்தை இல்லை.

இன்ஜெக்‌ஷன் லாரியைக் கார்புரேட்டருக்கு மாற்றுகிற வழக்கம் உண்மையில் வேரோடியிருப்பது அமெரிக்காவில். அங்கே விவசாயியும் கொத்தனாரும் ஓட்டுகிற பிக்கப் லாரிகள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினில் ஓடுபவை. ஃபோர்டு எஃப்-150 லாரியின் 5 லிட்டர் வி-8 எஞ்சினுக்கு 1985-இல் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. 1988-க்குள் அந்த லாரியில் கார்புரேட்டரே இல்லாமல் போயிற்று. செவ்ரோலே பிக்கப்புகளில் 1987-இலிருந்து, கார்புரேட்டர் உட்கார்ந்த அதே இடத்தில் இரண்டு இன்ஜெக்டர் வைத்த த்ராட்டில் பாடி வந்து உட்கார்ந்தது. அந்த வண்டிகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. இரும்பு அப்படியே இருக்கிறது. வயரிங் நொறுங்குகிறது, சென்சார் செத்துப்போகிறது, பெட்டிக்கு மாற்று கிடைப்பது அரிதாகிறது. அதனால்தான் அங்கே பலர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கார்புரேட்டரை ஏற்றுகிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு நேரான வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. 2009-இல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதே 499 சி.சி. எஞ்சின் 2013-இல் புல்லட் 500 என்ற பெயரில் கார்புரேட்டரோடும் விற்பனைக்கு வந்தது. ஒரே எஞ்சின், இரண்டு விதமாக. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது 500 சி.சி. வண்டிகளே நின்றுபோயின. இப்போது கிளாசிக் 500 வைத்திருப்பவர்களில் சிலர், புல்லட் 500-இன் சாமான்களைத் தேடிப் பிடித்துக் கார்புரேட்டருக்கு மாறுகிறார்கள். அந்த வண்டிகளில் பல பிறந்த ஒரகடமும் வல்லம் வடகாலும் நமக்குத் தூரமில்லை. ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து 1985-இல் தொடங்கி, நாடு முழுக்க ஓடிய கார்புரேட்டர்களை வார்த்துத் தந்த யூகால் நிறுவனம் இருப்பதும் இதோ மறைமலைநகரில்தான். நாம் பேசுகிற பொருள் நம் வட்டாரத்துப் பொருள்.

இப்போது கார்புரேட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். காற்று போகிற குழாயை ஓரிடத்தில் ஒடுக்கினால், அங்கே காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். வென்டூரி என்ற இத்தாலியர் 1797-இல் எழுதிவைத்தது. அந்த ஒடுங்கிய இடத்தில் ஒரு ஜெட்டை வைத்தால், கீழே ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோலைக் காற்றே உறிஞ்சிக்கொள்ளும். டிங்கர் ஷெட்டில் பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் இதை எஞ்சினுக்குப் பொருத்தினார். நூறாண்டுக்கு மேலாக உலகத்தைச் சுமந்த கருவி அது. மின்சாரம் கேட்காது, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு நடுரோட்டில் உட்கார்ந்து சரிசெய்யலாம். அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது, அதன் வேகத்தை மட்டுமே அறியும். பெட்ரோல் முழுக்க எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். கேளம்பாக்கத்தில், கடல்மட்டத்தில், ஜெட் சரியாக வைத்த வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப்போங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி இங்கிருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஜெட் மாறவில்லை, பெட்ரோலின் அடர்த்தியும் மாறவில்லை. கணக்குப் போட்டால் கலவையில் பெட்ரோல் 10 சதவீதத்துக்குச் சற்று மேலாகவே கூடிவிடும். பிளக் கருப்படிக்கும், மேட்டில் இழுக்காது. ஈசியூ பெட்டி காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மில்லிசெகண்டில் குறைத்துவிடும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது.

அடுத்து பெட்ரோலே மாறிவிட்டது. இன்று பங்க்கில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். ஆகவே 14.7 என்ற எண் இந்தக் கலவைக்கு 13.5 வாக்கில் இறங்கிவிடுகிறது. பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் இதை ஓட்டினால் எட்டு சதவீதம் அளவுக்கு எரிபொருள் குறைவாகப் போகிறது. எஞ்சின் சூடேறும், வால்வுக்கு நல்லதில்லை. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி, ஓரளவுக்கு இதைத் தானே ஈடுசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் நீங்கள்தான் ஜெட் மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும் என்பதால் நீடிலின் ரப்பர் நுனியையும், ஓ-ரிங்கையும், ட்யூபையும் அதற்கேற்ற ரகத்தில் போட வேண்டும்.

சரி, ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டும் மாற்றுகிறேன் என்கிறார். என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, அழுத்தம். ஃபோர்டு பிக்கப்பின் இன்ஜெக்‌ஷன் பம்ப் 40 பி.எஸ்.ஐ. வாக்கில் தள்ளும். செவ்ரோலேயின் த்ராட்டில் பாடிக்கு 9 முதல் 13 வரை. கார்புரேட்டருக்கு 5, 6 போதும். பழைய பம்ப்பை அப்படியே விட்டால், ஃப்ளோட் எவ்வளவு முட்டுக்கொடுத்தாலும் நீடில் அடைக்காது. ஓவர்ஃப்ளோ ஆகிச் சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் வழியும். வண்டி தீப்பிடிக்கிற இடம் அது. லோ பிரஷர் பம்ப் போட வேண்டும், அல்லது டேங்குக்குத் திரும்பும் லைனோடு கூடிய ரெகுலேட்டர் வேண்டும். கிளாசிக் 500-இல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அந்த வாயைக் கசிவில்லாமல் அடைத்து, பெட்ரோல் டேப் வைத்து, தானாக இறங்கும்படி செய்ய வேண்டும்.

இரண்டாவது, மேனிஃபோல்டு. ஃபோர்டு பிக்கப்பில் இருப்பது போன்ற இன்ஜெக்‌ஷன் மேனிஃபோல்டில் வெறும் காற்று மட்டும் போகிறது. பெட்ரோல் வால்வுக்குப் பக்கத்தில்தான் விழும். கார்புரேட்டரில் கலவை முழுத் தூரமும் பயணம் போக வேண்டும். ஆகவே அங்கே மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். த்ராட்டில் பாடி வைத்த செவ்ரோலேயில் மேனிஃபோல்டை மாற்றினால் இன்னொரு கவனம்: 1987 முதல் வந்த வி-8 ஹெட்டில் நடுவிலிருக்கும் நான்கு போல்ட்டுகளின் கோணம் பழைய மேனிஃபோல்டின் கோணத்தோடு ஒத்துவராது. இது தெரியாமல் முடுக்கிவிட்டால் பேக்கிங் சரியாக உட்காராது, ஏர் லீக் வரும்.

மூன்றாவது, அளவு. பெரிய கார்புரேட்டர் போட்டால் இழுவை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். 5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கிறது. 5 லிட்டரை 2,500-ஆல் பெருக்கினால் 12,500 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 10,600 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் அது நிமிடத்துக்கு 375 கன அடி. அதற்கு 750 கன அடி கார்புரேட்டரைப் போட்டால், கீழ் வேகத்தில் வென்டூரியில் காற்று ஓட்டமே இருக்காது. ஜெட் எதை உறிஞ்சும்? எஞ்சின் திணறும், பெட்ரோல் மட்டும் தீரும்.

நான்காவதாக வருவது இக்னிஷன். இங்கேதான் பலரும் விழுகிறார்கள். ஈசியூ பெட்ரோலை மட்டுமா பார்த்தது? கரண்ட் எப்போது பிளக்குக்குப் போக வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்தது. ஃபோர்டு 5 லிட்டர் எஞ்சினில் கம்ப்யூட்டரிடமிருந்து சிக்னல் வராவிட்டால், டைமிங் அடிப்படை 10 டிகிரியிலேயே நின்றுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் நிற்கும். வேகம் கூடக் கூட முன்னேற வேண்டிய டைமிங் முன்னேறாது. இழுவை செத்துப்போகும், சைலன்சர் பழுக்கக் காயும், கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டே ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக்கல் அட்வான்ஸும் வேக்கம் அட்வான்ஸும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரையும் அதற்குரிய மாட்யூலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிளாசிக் 500-க்கும் இதே கதைதான். கார்புரேட்டர் மாடல் புல்லட் 500-இன் இக்னிஷன் யூனிட் இல்லாமல் வேலை முடியாது.

ஐந்தாவது கியர்பாக்ஸ். 1989-இல் ஃபோர்டில் வந்த ஈ4ஓடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும், 1993-இலிருந்து செவ்ரோலேயில் வந்த 4எல்60ஈ-யையும் இயக்குவது எலெக்ட்ரானிக்ஸ்தான். பெட்டியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் அநாதையாகிவிடும். அதற்கென்று தனியாக ஒரு கன்ட்ரோலர் வாங்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்று கிளம்பியவர், கடைசியில் எலெக்ட்ரானிக்ஸையே காசு கொடுத்து வாங்கி வருகிறார்.

இனி, கழற்றுகிற தேவையே பெரும்பாலும் வராது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

நாம் வாழ்வது உப்பளத்துக்கும் முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கும் நடுவில். இங்கே காற்றில் உப்பு இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியின் கனெக்டருக்குள் செம்புப் பின் பச்சை பிடித்துப்போவது இந்த ஊரில் அன்றாடம் பார்க்கிற விஷயம். ஒரு பழைய பெட்ரோல் வேன் என்னிடம் வந்தது. கரும்புகை, மைலேஜ் பாதி. ஈசியூ போய்விட்டது, கார்புரேட்டர் போட்டுவிடலாம் என்று வேறிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். அந்த சென்சார் குளிர்ந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் ஓம் காட்டும், சூடாக ஆக இறங்கிக்கொண்டே வரும். பொதுவாக 20 டிகிரியில் 2,000 முதல் 3,500 ஓம், 100 டிகிரியில் 200 ஓம் வாக்கில். இந்த சென்சார் சரியாகத்தான் காட்டியது. கனெக்டர் பின் ஒன்று பச்சை பூத்து, வயரிலிருந்து விட்டுப்போயிருந்தது. வயர் அறுந்தால் பெட்டிக்குத் தெரிவது எல்லையற்ற ஓம். எஞ்சின் பனியில் உறைந்து கிடக்கிறது என்று அது முடிவுகட்டி, பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. நாள் முழுக்க சோக்கை இழுத்துவைத்து ஓட்டுகிற நிலை. பின்னை மாற்றி, கிரீஸ் வைத்து மூடியதும் புகை நின்றது. பெட்டி தனக்குக் கிடைத்த தகவலுக்குச் சரியான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தகவல்தான் தவறு.

அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த ஸ்கேனர் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழைய செவ்ரோலே லாரியில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஏ, பி என்ற இரண்டு டெர்மினலை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட வேண்டும். செக் எஞ்சின் லைட் சிமிட்டத் தொடங்கும். ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இரண்டு முறை சிமிட்டினால் அது 12 என்ற கோடு எண். அதை மூன்று முறை சொல்லும். பெட்டி உயிரோடு இருக்கிறது, தன்னைத் தானே சோதித்துக்கொள்ள முடிகிறது என்று அதற்குப் பொருள். அடுத்து 14, 15 வந்தால் கூலன்ட் சென்சார். 21 என்றால் த்ராட்டில் சென்சார். 44 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, 45 என்றால் கூடுதல். நாற்பதாண்டுக்கு முந்தைய பெட்டி, ஒரு துண்டு வயரைக் கொண்டு கேட்டால் தன் நோயைத் தானே சொல்கிறது. கேட்காமலே அதைத் தூக்கி எறிவது நியாயமா?

உண்மையிலேயே பெட்டி செத்துப்போவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி என்று எத்தனை வண்டிகள் நீரில் மூழ்கின என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மாற்றுப் பெட்டி எங்கும் கிடைக்காத வண்டி, கண்காட்சிக்கும் தோட்டத்துக்குள்ளும் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் கார்புரேட்டர் அதற்கு மறுவாழ்வு. அதைச் செய்கிறவரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவெண் வாங்க நினைத்தாலும், 2021-இல் வந்த விதிப்படி வண்டிக்கு 50 வயது கடந்திருக்க வேண்டும், எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கலவை அந்தச் சரியான விகிதத்தை ஒட்டி நின்றால்தான் நச்சு வாயுக்களைச் சேர்த்து மாற்றும். கார்புரேட்டர் கொட்டுகிற கூடுதல் பெட்ரோலில் அது சூடேறி உருகிப்போகும். அதற்கப்புறம் அந்த வண்டிக்குப் பின்னால் சிக்னலில் நிற்கிற பிள்ளையின் மூச்சில் கலப்பது வடிகட்டாத புகை. நாவலூர் சிக்னலிலும் சிறுசேரி திருப்பத்திலும் மாலையில் நிற்கிற நம் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

மெக்கானிக் தம்பிகளுக்கு: உங்கள் காதும் விரலும் கார்புரேட்டரில் பழகியவை. அந்த அறிவு வீணில்லை. கலவை கூடினால் எஞ்சின் எப்படிப் பேசும், குறைந்தால் எப்படிப் பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். மல்டிமீட்டரைக் கற்றுக்கொண்டால் இன்ஜெக்‌ஷனும் உங்களுக்கு வசப்படும். பெரும்பாலான சென்சார்கள் ஓம் அல்லது வோல்ட் என்ற மொழியில்தான் பேசுகின்றன.

கல்லூரிகளுக்கு: இந்த வண்டலூர் ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளே லேப் இருக்கிறது, வெளியே ஷெட் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் லேப் கதவை மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிடுங்கள். அவர்கள் சென்சாரைக் கற்கட்டும், உங்கள் மாணவர்கள் அவர்களிடம் ட்யூனிங்கைக் கற்கட்டும். கார்புரேட்டரையும் பாடத்திலிருந்து தூக்கிவிட வேண்டாம். காற்றும் பெட்ரோலும் கலப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது.

தயாரிப்பாளர்களுக்கும் அரசுக்கும்: 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. நல்ல தொடக்கம். ஒவ்வொரு வண்டியின் வயரிங் படமும், சென்சார் அளவுகளும், கோடு எண்களின் பட்டியலும், தெருவோர மெக்கானிக் கையில் தமிழில் கிடைக்கிற வரை அந்த வேலை முடிந்ததாக ஆகாது. நின்றுபோன மாடல்களின் ஈசியூவைப் பழுதுபார்க்க வழிவிட்டாலே பாதி வண்டிகள் பிழைக்கும்.

அடுத்த முறை ஒருவர் உங்கள் ஷெட்டுக்கு வந்து, இன்ஜெக்‌ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கார்புரேட்டர் மாட்டு என்று சொன்னால், முதலில் கோடு எண்ணைப் படியுங்கள், எர்த்தைப் பாருங்கள், சென்சாரை அளவிடுங்கள், பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள். நான்கும் முடிந்த பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பம்ப்பிலிருந்து இக்னிஷன் வரை எதையும் விடாமல் முழுதாக மாற்றுங்கள். அரைகுறையாக மாற்றிய வண்டிதான் நம் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.